ஒரே இடத்தில் பல விலங்குகள் சாய்ந்தால்: நச்சு வாயுவை அறிகுறி கொண்டு கண்டறியும் வழிமுறை

ஒரு மாடு படுத்துவிட்டால் அந்த மாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே கொட்டகையில் ஒரே வேளையில் இரண்டு மாடுகள் படுத்துவிட்டால், அவற்றைத் தொடுவதற்கு முன்பே கொட்டகையின் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். சென்னையில் கால்நடை மருத்துவராக இருந்து நான் பார்த்தவரையில், வாயு தாக்கிய விலங்குகள் காப்பாற்றப்படாமல் போவதற்கு மருந்து இல்லாதது காரணமாக இருந்ததைவிட, அவற்றை அந்தக் காற்றிலேயே வைத்துக்கொண்டு காய்ச்சலா, பாம்புக்கடியா, கண்ணேறா என்று தேடிக்கொண்டிருந்தது காரணமாக இருந்ததே அதிகம். ஆகவே நோயின் பெயரைக் கொண்டு தொடங்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைக் கொண்டு தொடங்கி, அது எந்த வாயுவாக இருக்கும், அது எங்கிருந்து வந்திருக்கும், அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் இதை எழுதுகிறேன்.

உள்ளே நுழைவதற்கு முன்

வாசலிலேயே நில்லுங்கள். விழுந்து கிடப்பது நீங்கள் வளர்த்த உயிர் என்பதால் கால் தானாகவே உள்ளே ஓடும். ஆனால் மாட்டைச் சாய்த்த காற்று மனிதனையும் சாய்க்கும். கதவு, சன்னல், தார்ப்பாய் ஆகியவற்றை வெளிப்பக்கமிருந்து திறக்க முடிந்தால் முதலில் திறந்துவிடுங்கள். சமையல் எரிவாயுவின் நெடி இருந்தால் மின்விசிறியையோ விளக்கையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு நுழையலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. புகைத்தூளை அது ஓரளவு தடுக்கும். ஜெனரேட்டரும் கரியும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடையோ சாக்கடையில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடையோ அது சிறிதும் நிறுத்தாது, பிராணவாயு குறைந்த குழியில் அதனால் எந்தப் பயனும் இல்லை.

எந்த விலங்கு முதலில் விழுந்தது என்பதே ஒரு தடயம். குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு, எலி மருந்திலிருந்து கிளம்பும் பாஸ்பீன், கரியமில வாயு, சமையல் எரிவாயு ஆகியவை காற்றைவிடக் கனமானவை. அவை தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் கோழியும் பூனையும் படுத்திருக்கும் கன்றும் முதலில் பாதிக்கப்படும். நின்றுகொண்டிருக்கும் பசு சற்றுத் தாமதமாகவே பாதிக்கப்படும். அம்மோனியா காற்றைவிட இலேசானது, கூரையை நோக்கி எழும். ஆனால் அழுத்தத்தில் வைக்கப்பட்ட குளிர்ந்த அம்மோனியா கசியும்போது ஈரக்காற்றோடு சேர்ந்து வெண்பனி போலத் தரையைத் தழுவிக்கொண்டு வரும் என்பதால், இலேசான வாயு என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடையே கொண்டது. அறை முழுவதும் சமமாகப் பரவும்.

குழி, கிணறு, சாணத்தொட்டி, சாக்கடை அருகே சட்டெனச் சாய்ந்தால்

இங்கே முதலில் நினைக்க வேண்டியது ஹைட்ரஜன் சல்பைடு. கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் வாழ்பவர்களுக்கு அழுகிய முட்டை போன்ற அந்த வாடையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வீட்டு வெள்ளி விளக்கும் செம்புப் பாத்திரமும் அடிக்கடி கறுத்துப்போவது அதன் வேலைதான். திறந்தவெளியில் அது பெரும்பாலும் வெறும் துர்நாற்றமாகவே இருக்கும். மூடிய இடத்தில், அதிலும் பல மாதங்கள் அசையாமல் கிடந்த சாணக் கரைசலைக் கோலால் கலக்கும்போதோ, பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து தூர்வாரும்போதோ, கரைந்திருந்த வாயு ஒரே மூச்சில் வெளியே வருகிறது.

இதில் மிகவும் ஆபத்தான செய்தி ஒன்று உண்டு. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே இந்த வாயுவை மூக்கு கண்டுபிடித்துவிடும்; 100 பங்கைத் தாண்டியதும் மூக்கின் உணர்வே மரத்துப்போய்விடும். வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணும் அந்த நேரத்தில்தான் வாயு உச்சத்தில் இருக்கலாம். 500 பங்குக்கு மேல் சில நிமிடங்களிலேயே மயங்கி விழ நேரிடும்; 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போகலாம்.

பாழடைந்த கிணறுகளில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. இலை தழை அழுகிக் கரியமில வாயு நிறைந்து பிராணவாயு குறைந்துபோன கிணற்றில் எந்த நாற்றமும் இருக்காது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், கிணற்றில் தவறி விழுந்த ஆட்டைக் காப்பாற்றக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தயாராக இருந்த இளைஞரை அவருடைய பாட்டி கையைப் பிடித்து நிறுத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆடு போயிற்று, பேரன் இருக்கிறார். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று அடுத்தடுத்து இறங்கி மாண்ட செய்திகள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கின்றன.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பாதி உண்மையை மட்டுமே சொல்லும். பிராணவாயு ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சுடர் அணையும் என்பது சரி. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். சாண எரிவாயுக் கலனிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ தேங்கிய மீத்தேன் அதே சுடரால் வெடிக்கும். ஆகவே தொட்டிக்குள் தீயை இறக்கவே கூடாது.

செய்ய வேண்டியது: 101 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து, விலங்கு குழிக்குள் விழுந்திருக்கிறது, வாயு இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சுக் கருவியோடு வருவார்கள். குழிக்கு வெளியே சாய்ந்து கிடக்கும் மாட்டை, கழுத்துக் கயிற்றில் நீளமான கயிற்றைக் கொக்கியால் மாட்டி, காற்று வரும் திசையில் நின்றுகொண்டு இழுங்கள். வெளியே வந்த மாட்டை ஒருக்களித்துக் கிடக்கவிடாமல், நெஞ்சு தரையில் ஊன்றியிருக்கும்படி இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டக்கொடுத்து உட்காரவைக்க வேண்டும். பக்கவாட்டில் கிடக்கும் மாட்டுக்கு வயிறு உப்பி, அதுவே இரண்டாவது எமனாகிவிடும்.

கண்ணில் நீர், தொடர் இருமல், வாயில் நுரை

இவை மூன்றும் சேர்ந்து வந்தால் எரிச்சலூட்டும் வாயு என்று கொள்ளலாம். பெரும்பாலும் அம்மோனியா அல்லது குளோரின்.

அம்மோனியா மெதுவாகச் சேர்வது கோழிக் கொட்டகையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிடுகிறோம். கீழே உமியோ கடலைத்தோலோ பரப்பிய கூளம் ஈரமாகிறது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. குஞ்சுகள் கண்ணை மூடியபடி தலையைச் சிறகில் தேய்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். பின்னர் விழிப்படலம் வெண்மையாக மங்கும். சளி நோய் என்று எண்ணி எதிருயிரி மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பல நாள் போக்கியவர்களை அறிவேன். கொட்டகைக்குள் போய் நின்று மோந்து பார்த்தால் போதாது. குனிந்து, குஞ்சின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால், பரிந்துரைக்கப்படும் வரம்பான பத்து லட்சத்தில் 25 பங்கை அது தாண்டியிருக்கக்கூடும். அன்றாடம் அதே கொட்டகையில் புழங்குபவரின் மூக்கு பழகிப்போயிருக்கும் என்பதால், வெளியிலிருந்து வரும் ஒருவரை மோந்து பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

கூளம் ஈரமானால் சுண்ணாம்பு தூவுவது நம்மிடம் உள்ள பழக்கம். கூளத்தை அது உலர்த்தும் என்பது உண்மை. ஆனால் சுண்ணாம்பு காரத்தன்மையை உயர்த்துவதால், கூளத்தில் அடைபட்டிருந்த அம்மோனியா கூடுதலாக வெளியேறும். குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நாளில் சுண்ணாம்பு போட்டால் நிலைமை மோசமாகும். ஈரக் கூளத்தை அள்ளி வெளியே கொட்டிப் புதிய உமி பரப்புவதும், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தார்ப்பாயை ஒரு முழம் உயர்த்தி வைப்பதும், தண்ணீர்க் குவளையின் ஒழுகலை நிறுத்துவதும்தான் மருந்து. அம்மோனியாவைக் கட்டுப்படுத்தச் சூப்பர் பாஸ்பேட் தூவுவதும் வழக்கத்தில் உண்டு. அதைக் கோழிகள் கொத்தித் தின்னாதபடி கூளத்தோடு நன்றாகக் கிளறிவிட வேண்டும்.

குளோரின் வருவது பெரும்பாலும் நம் கையால். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டையும் நாய்க்கூண்டையும் தூய்மை செய்ய பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறோம். கறை போகவில்லை என்று அதன் மேலேயே கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறோம். அடுத்த நொடியே பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் குளோரின் கிளம்பும். காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனமானது என்பதால் குளியலறை மூலையில் கட்டப்பட்டிருக்கும் நாய்க்குட்டியின் மூக்கு உயரத்தில்தான் அது நிற்கும். பூனை சிறுநீர் கழித்த இடத்தில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினாலும் குளோரமின் என்ற எரிச்சல் வாயு உண்டாகிறது. பூனை வளர்க்கும் வீடுகளில் சிறுநீரை முதலில் வெறும் நீரால் நன்றாக அலசிவிட்ட பிறகே வேறு எதையும் பயன்படுத்த வேண்டும்.

இந்த இரண்டு வாயுக்களுக்கும் முதலுதவி ஒன்றே. வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கண்களைத் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடம்பின் மேல் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். விலங்கை நடத்தவோ ஓட்டவோ வேண்டாம்; ஆட்டோவில் ஏற்றும்போதும் தூக்கியே ஏற்றுங்கள். எரிந்துபோன நுரையீரலுக்கு ஒவ்வொரு அடியும் சுமை.

கூண்டுப் பறவை மட்டும் செத்துவிழுந்தால்

வீட்டில் மனிதர்களுக்கு ஒன்றுமில்லை, நாய்க்கும் ஒன்றுமில்லை, கூண்டில் இருந்த லவ் பேர்ட்ஸ் மட்டும் கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாக விழுந்தன என்றால், நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லையோ வாணலியையோ வெறுமையாக அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், பூச்சு ஏறத்தாழ 280 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது சிதைந்து நச்சுப் புகையை வெளியிடுகிறது. வெறும் கல் பெரிய சுடரில் அந்தச் சூட்டை எட்டச் சில நிமிடங்கள் போதும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப்பைகள் அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பறப்பதற்காக அமைந்த அந்தச் சிறப்பான மூச்சு முறையே நஞ்சையும் மிகச் சிறப்பாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளைக் கூண்டில் எடுத்துச்சென்றது இந்தக் காரணத்துக்காகத்தான்.

பெரம்பூரில் ஒரு குடும்பம் ஏழு பறவைகளை ஒரே மாலையில் இழந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். கூண்டு சமையலறைப் புகைப்போக்கிக்கு நேர் எதிரே தொங்கியது. அடுப்பின் மேல் பூச்சு உரிந்த கல் இருந்தது. அண்டை வீட்டாரோடு பகை முற்றுவதற்குள் இதைக் கண்டுபிடித்தோம் என்பது எனக்கு இன்றும் ஆறுதல்.

தோசைக்கல் இல்லையென்றால் அடுத்து இன்வெர்ட்டர் மின்கலத்தைப் பாருங்கள். பழையதாகி அளவுக்கு மீறிச் சூடாகும் ஈய அமில மின்கலம் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். காற்றோட்டமான மூலை என்று எண்ணி அதன் மேலேயே கூண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். வார்னிஷ், ஸ்பிரே பெயின்ட், கொசுவத்திச் சுருள், மூடிய அறையில் போடும் சாம்பிராணி ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. அலமாரியில் போடும் அந்துருண்டையின் ஆவி பறவைக்கும் பூனைக்கும் ஆகாது. மீன் தொட்டி வைத்திருப்போர் அறையில் பூச்சி மருந்து அடிக்கும் நாளில் காற்றுப் பம்பை வேறு அறைக்கு மாற்றித் தொட்டியை மூடிவைக்க வேண்டும். பம்பு அறைக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது, கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டுகள் மீனுக்குக் கொடிய நஞ்சு.

தள்ளாட்டம், தீராத தூக்கம், ஈறு செக்கச்செவேல்

இருமல் இல்லை, கண்ணீர் இல்லை, வாடையும் இல்லை. நாய் மட்டும் குடித்தது போலத் தள்ளாடுகிறது, எழுப்பினால் எழுந்து மறுபடி சுருண்டுவிடுகிறது. மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். பழுத்த செர்ரிப் பழம் போன்ற பளீர்ச் சிவப்பு என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஈறு இயல்பான நிறத்தில் இருப்பதாலேயே அது இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. இந்த வாயு குருதியின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் போன்ற கருவிகள் இந்தப் பிணைப்பையும் பிராணவாயு என்றே கணக்கிட்டு 98, 99 என்று காட்டும் என்பதால் அந்த எண்ணை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

வர்தா புயல் அடித்த 2016 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களில் வாகன நிறுத்தத்திலும் படிக்கட்டின் கீழும் மாடிப்படி அறையிலும் ஜெனரேட்டர் ஓடும். அங்கேதான் நாயும் கட்டப்பட்டிருக்கும், தெருநாய்களும் மழைக்கு ஒதுங்கியிருக்கும். சன்னலை மூடிய வீட்டில் கரி அடுப்பு எரிவதும், மூடிய வாகனக் கொட்டகையில் நாயை உள்ளே உட்காரவைத்துக் குளிர்சாதனத்துக்காகக் காரை ஓடவிடுவதும் அதே விளைவைத் தரும். கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் தரக் கரிச்சட்டி வைக்கும் சிறு பண்ணைகளில், காலையில் குஞ்சுகள் எல்லாம் கரிச்சட்டியைச் சுற்றி அமைதியாக இறந்துகிடந்தால், குளிரால் இறந்தன என்று எண்ணி மறுநாள் இரண்டு சட்டி வைப்பதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

இதற்கு மருந்து பிராணவாயு மட்டுமே. வெறும் வெளிக்காற்றில் உடலிலுள்ள வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். தூய பிராணவாயு கொடுத்தால் அந்த நேரம் வெகுவாகச் சுருங்கும். அதனால் தெளிந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் பிராணவாயு வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள்.

மாடு, ஆடுகளில் இதே பளீர்ச் சிவப்பு வந்து, ஜெனரேட்டரோ கரியோ அருகில் இல்லையென்றால் அவை என்ன மேய்ந்தன என்று கேளுங்கள். வறட்சியில் வாடி, மழைக்குப் பின் துளிர்த்த இளம் சோளப்பயிரிலும் மரவள்ளி இலையிலும் உள்ள பொருள் வயிற்றுக்குள் ஹைட்ரஜன் சயனைடாக மாறுகிறது. இது காற்றில் வந்த வாயு இல்லை என்றாலும் பார்ப்பதற்கு அதே போலிருக்கும். இதற்கு முறிவு மருந்து உண்டு, மருத்துவர் நிமிடங்களில் வர வேண்டும். ஈறும் குருதியும் சாக்லேட் நிறத்தில் இருந்தால் அது நைட்ரேட் நஞ்சு. அதற்கு முறிவு வேறு. ஆகவே ஈறின் நிறத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள், முடிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

வாந்தியில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை

எலிக்கு வைத்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையையோ துத்தநாகப் பாஸ்பைடு கலந்த உணவையோ நாய் தின்றிருக்கிறது. வயிற்று ஈரமும் அமிலமும் பட்டவுடன் பாஸ்பீன் வாயு கிளம்புகிறது. மூன்று கிராம் எடையுள்ள ஓர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒரு கிராம் பாஸ்பீனைத் தரும். இந்த மாத்திரை வீட்டில் எலி பிடிப்பதற்கு உரியதே இல்லை. பயிற்சி பெற்றவர் மூடிய கிடங்கில் பயன்படுத்த வேண்டியது அது. செங்குன்றம் போன்ற அரிசி வணிகம் நடக்கும் இடங்களில் கிடங்குக்கு மேல் மாடியில் குடியிருப்போர், கீழே மருந்து வைக்கும் நாள்களைக் கேட்டறிந்து விலங்குகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்த துயரத்துக்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருப்பது மனத்தை அழுத்துகிறது.

இந்த நாய்க்கு வீட்டில் எதையும் ஊட்டாதீர்கள். தண்ணீர், மோர், இளநீர், சோறு எதுவானாலும் வயிற்றில் வாயு உருவாவதை விரைவுபடுத்தக்கூடும். நாய் வாந்தி எடுக்கும்போது அந்த வாயு உங்கள் முகத்தில்தான் அடிக்கும். குனிந்து மோந்து பார்த்து உறுதிசெய்ய முயல வேண்டாம். காரில் கொண்டுபோகும்போது குளிர்சாதனத்தை நிறுத்தி எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். பாஸ்பீனுக்கு முறிவு மருந்து கிடையாது. மருத்துவமனை வாசலிலேயே என்ன தின்றது என்று சொல்லிவிட்டால், வயிற்றைத் தூய்மை செய்யும் வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்வார்கள். மருத்துவர்களும் ஊழியர்களும் பாதிக்கப்படாமல் இருப்பார்கள்.

போகிப் புகை, குப்பைமேட்டுப் புகை

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே குழப்பமில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் போகி விடியலிலும், 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பற்றி எரிந்தது போன்ற குப்பைக் கிடங்குத் தீயின்போதும், தட்டை மூக்கு நாய்களும் பாரசீகப் பூனைகளும் முதலில் திணறும். உள் அறையில் வைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி செருகுங்கள். நடைக்கு அழைத்துப் போகாதீர்கள். கொசுவை விரட்டக் கொட்டகையில் வேப்பிலை மூட்டம் போடுவோர் மேற்கூரைத் திறப்பை மூடிவிட்டுப் போடக் கூடாது.

அன்று நன்றாக இருந்து, மறுநாள் மூச்சுத்திணறல்

குளோரினையும் புகையையும் சுவாசித்த விலங்கு சில மணி நேரத்தில் தெளிந்து தீவனம் தின்னும், உரிமையாளர் நிம்மதியடைவார். நுரையீரலில் நீர் கோப்பது அதற்குப் பிறகு, ஒன்றிரண்டு நாள்களுக்குள் நிகழலாம். பதனப் பசுந்தீவனக் (சைலேஜ்) குழியை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் திறந்தால் வரும் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடும் இப்படியே தாமதித்துத் தாக்கும். ஆகவே மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் அது உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். உறங்கும் நாய்க்கும் பூனைக்கும் 30க்குள் இருக்க வேண்டும். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினாலோ, கழுத்தை நீட்டி முழங்கையை அகற்றி வைத்து மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

வாயு போலத் தோன்றி வாயு அல்லாதவை

ஒரே ஒரு விலங்கு மட்டும் நோயுற்றால் இவற்றை முதலில் விலக்குங்கள். கத்திரி வெயிலில் மூச்சிரைக்கும் நாய்க்கு வெப்பமானி வையுங்கள்: இயல்பு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட்; 105ஐத் தாண்டினால் வெப்பத் தாக்குதல், உடனே சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறியடிக்க வேண்டும். ஈறு வெளுத்துச் சோர்ந்திருந்தால் சென்னை நாய்களுக்கு அடிக்கடி வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மாட்டின் இடது விலா முரசு போல் உப்பியிருந்தால் வயிற்று உப்புசம். மாட்டுப் பொங்கலன்று திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்த் தெருக்களில் வீடுதோறும் பொங்கலும் சோறும் வாங்கித் தின்ற பசு மறுநாள் எழமுடியாமல் கிடந்தால் அது மாவுணவு மிகுந்து வயிறு புளித்துப்போன நிலை. உண்ணி மருந்து அடித்த பின் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உடல் நடுங்கினால் அது தோல் வழியே ஏறிய பூச்சிக்கொல்லி நஞ்சு. மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.

ஊரையே சூழும் கசிவு

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் ஓடினார்கள். 1984இல் போபாலிலும், 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்திலும் வாயு பரவியது இரவிலும் விடியலுக்கு முன்னும்தான். இரண்டு இடங்களிலும் கட்டுத்தறியில் இருந்த கால்நடைகள் இருந்த இடத்திலேயே மாண்டன. எண்ணூர், மணலிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் இரவில் கட்டும் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சங்கிலியும் பூட்டும் திருடனுக்குத் தடைதான்; வாயு வந்த இரவில் அவை மாட்டுக்குத் தூக்குக் கயிறு.

காற்றின் போக்கைத் தென்னை ஓலையும் கொடியும் சொல்லும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து ஊருக்குள் வீசும். இரவில் பெரும்பாலும் நிலக்காற்று கடலை நோக்கித் திரும்பும். வாயு வரும் திசைக்கு எதிராகவும் ஓடாதீர்கள், அதன் போக்கிலேயும் ஓடாதீர்கள், குறுக்காக விலகுங்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டால் போதும், அவை தாமாகவே விலகும். ஓட்டிக்கொண்டு போக நின்று உங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும், இறந்தால் செய்ய வேண்டியவையும்

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. சென்னைக்குள் 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எத்தனை விலங்குகள், எது முதலில் விழுந்தது, எந்த இடம், எத்தனை மணி, ஈறின் நிறம், என்ன வாடை, அருகில் ஓடிய இயந்திரம், திறந்த குழி, கலந்த தூள், உடனிருந்த மனிதருக்குத் தலைவலியோ குமட்டலோ உண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மாட்டுக்கு முன் அந்த மனிதருக்காக 108ஐ அழையுங்கள். மயங்கிய விலங்கின் வாயில் மூங்கில் குழாயால் எண்ணெயோ புளிக்கரைசலோ ஊற்றாதீர்கள்; அது நுரையீரலுக்குள் போய்ச் சேரும்.

இறந்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். காதுவில்லையோடு உடலைப் படமெடுத்து, கால்நடை மருத்துவரை வரவழைத்து உடற்கூறு ஆய்வும் சான்றும் பெற்ற பிறகே காப்பீடோ இழப்பீடோ கேட்க முடியும். தொழிற்சாலைக் கசிவு என்று ஐயம் இருந்தால் கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள், ஏனென்றால் காற்றில் இருந்த சான்று மறுநாள் இருக்காது. மீந்த விலங்குகளை அதே கொட்டகைக்குத் திருப்பிக் கட்டுவதற்கு முன், வாயு வந்த தொட்டி மூடப்பட்டதா, கூளம் மாற்றப்பட்டதா, ஜெனரேட்டர் வெளியே நகர்த்தப்பட்டதா என்று பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். அதுவரை அவை வேப்ப மரத்தடியில் நிற்கட்டும்.